பனித்தரையில் ஒரு டபுள் பிரமோஷன்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் கூத்துக்கெல்லாம் பாதிக் காரணம் அதுதான். மற்றப் பாதி, நான் யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் டியூஷன் கொட்டிலில் கணக்குப் படிப்பித்தவள் என்பது.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் மகளுக்குப் பன்னிரண்டு வயது. வகுப்புத் தோழி ஒருத்தியின் பிறந்தநாள் விழாவை ஐஸ் அரங்கில் வைத்தார்கள். போனவள் போனவள்தான். கேக் வெட்டக் கூப்பிட்டும் பனித்தரையை விட்டு இறங்கவில்லையாம். வீட்டுக்கு வந்து, தான் ஐஸ் ஹாக்கி விளையாடப் போவதாக அறிவித்தாள். வயலின் இருக்கிறது, பரதம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது, இதற்குள் இது என்ன புது வில்லங்கம் என்று நான் கத்தினேன். என் கணவர் கத்தவில்லை. அவர் நாங்கள் குடியேறிய இந்தத் தென்கோள நாட்டின் மங்கரே விமான நிலையத்தில் சரக்கு இறக்கும் பகுதியில் வேலை செய்தார். அங்கே கூட வேலை செய்த ஒருவரிடமிருந்து பழைய ஹெல்மெட், முழங்கால் மெத்தைகள், ஸ்கேட் சப்பாத்து எல்லாவற்றையும் ஒரு பெரிய பையில் வாங்கிவந்து வீட்டு நடுவில் போட்டார். அந்தப் பையின் நாற்றத்துக்குக் கருவாட்டுக் கடையே தோற்றுப் போகும்.

ஆனால் பிள்ளை விளையாடினாள், சும்மா சொல்லக்கூடாது. அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை மட்டையால் தள்ளிக்கொண்டு, தன்னைவிடத் தடித்த பெடியன்களுக்கு நடுவால் புகுந்து ஓடுவாள். முதல் பருவம் முடிவதற்குள் நான் கம்பளிக்குள் சுருண்டிருந்த தாய்மார்கள் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தத் தொடங்கியிருந்தேன். நடுவரின் கண்பார்வையைப் பற்றி நான் தமிழில் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது.

பருவ முடிவில் பயிற்சியாளர் என்னை அரங்கின் தேநீர்க் கடைக்குக் கூப்பிட்டார். வார நாட்களில் தண்ணீர்க் குழாய் பழுது பார்ப்பவர், பெரிய கை, மெல்லிய குரல். அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: உங்கள் மகளிடம் விஷயம் இருக்கிறது. இரண்டு வழி இருக்கிறது. இன்னும் ஒரு வருடம் பதினான்கு வயதுக்குட்பட்ட சின்ன அணியிலேயே இருக்கலாம். அங்கே ஆட்ட நேரம் முழுக்கப் பனியில் நிற்பாள், பிழை விடுவாள், திருத்துவாள். அல்லது இப்போதே பதினேழு வயதுக்குட்பட்ட பெரிய அணிக்குப் போகலாம். பெரியவர்களோடு பயிற்சி கிடைக்கும். ஆனால் ஆட்டத்தில் அநேகமாகப் பெஞ்சில்தான் இருப்பாள்.

"என்னைக் கேட்டால் சின்ன அணிதான். பெஞ்சில் உட்கார்ந்து யாரும் வளர்ந்ததில்லை" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெட்டிக்காரப் பிள்ளை என்று தன் வாயாலேயே சொல்கிறார், அப்புறம் அதே வகுப்பில் இன்னொரு வருடம் இருத்தச் சொல்கிறார்! எங்கள் ஊரில் கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கொடுப்பது டபுள் பிரமோஷன். நானே மூன்றாம் வகுப்பிலிருந்து நேரே ஐந்தாம் வகுப்புக்குப் போனவள். அந்த ஒரு தாவலை வைத்து என் அம்மா பதினைந்து வருடம் கோயில் வீதியில் நிமிர்ந்து நடந்தா. தாண்டிவிட்ட நாலாம் வகுப்பின் பின்னக் கணக்கு எனக்கு ஒழுங்காகப் பிடிபட பிறகு எத்தனை வருடம் எடுத்தது என்பது வேறு கதை. அதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

பயிற்சியாளர் ஒரு தாளை நீட்டினார். பிள்ளையின் பெயர், வயது, எந்த அணி, பெற்றோரின் கையொப்பம். கடைசியில் ஒரு பெட்டி: விளையாடுபவரின் விருப்பம் என்ன, அவரே எழுதவும்.

அன்று பின்னேரம் ஸ்காபரோவுக்கு ஃபோன் எடுத்தேன். அக்காவின் புருஷன், எங்கள் அத்தான், கனடாவில் இருக்கிறார். கனடா என்றால் ஐஸ் ஹாக்கி. அவரைவிட இந்த விஷயத்தில் பெரிய ஆள் எங்கள் குடும்பத்தில் வேறு யார்?

"உதென்ன கேள்வி, மேலதான் போட வேணும்" என்றார் அத்தான் ஒரு நொடிகூட யோசிக்காமல். "இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான். பெரிய ஆக்களோட விட்டால்தான் பிள்ளை கெட்டிப்படும்."

கணவர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஃபோனை வைத்ததும், "பிள்ளையிட்ட ஒரு சொல் கேட்டனீரே?" என்றார்.

"பன்னிரண்டு வயசுப் பிள்ளையிட்ட என்னத்தைக் கேக்கிறது? அதுக்கு என்ன தெரியும்? நீங்கள் சும்மா கிடவுங்கோ."

அவர் சும்மா கிடந்தார். நான் கடைசிப் பெட்டியில், என் முத்து முத்தான எழுத்தில், 'எனக்குப் பெரிய அணியில் சேர மிகுந்த ஆவல்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமும் போட்டேன். டியூஷனில் எத்தனை பிள்ளைகளுக்கு இப்படி விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருப்பேன்! இது பிழை என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அடுத்த பருவம் தொடங்கியது. அதே பயிற்சியாளர்தான், ஆனால் பெரிய அணியில் எல்லாரும் மீசை அரும்பிய பெடியன்கள். மகளின் ஹெல்மெட் அவர்களின் நெஞ்சு உயரத்துக்குத்தான் வந்தது. இந்த விளையாட்டில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆட்டம் ஓடும்போதே ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். களைத்தவன் பெஞ்சுக்கு வருவான், இளைப்பாறியவன் பனிக்குப் பாய்வான். அதற்குப் பெஞ்சின் ஓரத்தில் ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவுக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் அதைத் திறந்து மூட வேண்டும். விளையாடக் கூப்பிடாத ஆளை அங்கே இருத்தினால் வசதி. வேறு யார், என்ரை பிள்ளைதான்.

சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நான் எதிர்ப்பக்கத்தில் பிளாஸ்க்கோடு இருந்து பார்த்தேன். அவள் கதவைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள், மூடினாள். ஆட்டத்தின் கடைசியில் தோற்பது உறுதியான பிறகு ஒரு நிமிடம் இறக்கிவிடுவார்கள், சில நாள் அதுவும் இல்லை. கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் "ஓம், பெரிய டீமில விளையாடுறாள்" என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எல்லர்ஸ்லியில் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்த மலேசியத் தமிழ்ப் பெண் ஒருத்தி ஒருநாள் ஆட்டம் பார்க்க வந்தாள். ஒரு மணி நேரம் நடுங்கிக்கொண்டு இருந்துவிட்டு, "அக்கா, உங்க பொண்ணு அந்தக் கதவுகிட்ட நிக்குதே, அதுக்குச் சம்பளம் ஏதும் கொடுக்கிறாங்களா?" என்று கேட்டாள். அவளோடு நான் இரண்டு கிழமை பேசவில்லை.

மகளின் நடைதான் என்னைப் பயப்படுத்தியது. முந்தின வருடம் அறைகளுக்கு நடுவிலுள்ள வீட்டு ஓடையில் சாக்ஸோடு சறுக்கி, சுவரில் மோதி, என்னிடம் ஏச்சு வாங்கியவள் இப்போது மெதுவாக நடந்து போனாள். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் வயிற்று வலி வந்தது. பையை நான் தூக்கிக் காரில் வைக்க வேண்டியிருந்தது. பிள்ளை இந்த விளையாட்டையே விட்டுவிடப் போகிறாளோ என்று இரவிரவாக யோசித்தேன். அதற்கு நான் செய்த வைத்தியம் என்ன தெரியுமா? பூசை.

பருவத்தின் கடைசி ஆட்டம் விஜயதசமி காலையில் வந்து விழுந்தது. முதல்நாள் சரஸ்வதி பூசைக்கு வழக்கம்போல எல்லாவற்றையும் சாமிப் படத்தின் முன்னால் அடுக்கினேன். மகளின் பாடப் புத்தகம், வயலின், சலங்கை, கணவரின் ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே ஸ்கேட் சப்பாத்தும் மட்டையும். சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கூட விளையாடுகிற பெடியன்கள் பார்த்துச் சிரித்தால் பிள்ளைக்குக் கூச்சமாக இருக்குமே என்று கண்ணில் படாத இடமாகப் பார்த்து வைத்தேன். சப்பாத்தின் அடியில், இரும்புக்கும் தோலுக்கும் நடுவில். மட்டையின் நுனியில் சுற்றியிருக்கும் வெள்ளை நாடாவின் அடிப்பக்கத்தில். வைத்ததுதான் வைத்தோம் என்று பன்னீரில் குழைத்துக் கை தாராளமாகவே அப்பினேன். அவ்வளவு கவலை எனக்கு.

காலையில் பூசை முடித்துத்தானே எடுக்கலாம். தேவாரம் பாடி, தீபம் காட்டி, பாடப் புத்தகத்தில் ஒரு பந்தி வாசிக்கவைத்துக் கிளம்ப நேரமாகிவிட்டது. ஆட்டத்துக்கு முந்தின பயிற்சி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். அவள் அவசரமாகச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு நேரே கதவடிக்குப் போனாள்.

அன்றைக்குப் பார்த்து ஒரு பெடியனுக்குக் கணுக்கால் பிசகியது. இன்னொருவன் முரட்டாட்டம் ஆடி வெளியே அனுப்பப்பட்டான். ஆட்டமோ சமநிலை. பயிற்சியாளர் பெஞ்சை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் மகளின் தோளைத் தட்டினார்.

அம்மாளாச்சி! அவள் கதவைத் தனக்காகத் திறந்துகொண்டு பாய்ந்த பாய்ச்சலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நேரே போய் ஒரு மலைமாதிரிப் பெடியனிடமிருந்து வட்டைத் தட்டிப் பறித்தாள். திரும்பினாள். முன்னால் ஒருத்தரும் இல்லை, கோல் காப்பவன் மட்டும். நான் பிளாஸ்க்கை உருட்டிவிட்டு எழும்பினேன்.

விசில் கேட்டது.

நடுவர் பனித்தரையைக் காட்டிக்கொண்டு நின்றார். கதவிலிருந்து நடுக்களம் வரைக்கும், வெள்ளைப் பனியில், சிவப்பாக ஒரு கோடு. கோட்டுக்கு இரண்டு பக்கமும் சிவப்புத் துளிகள். இரத்தம் வந்தால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும், காயப்பட்டவர் வெளியேற வேண்டும், அதுதான் சட்டம். ஆட்களெல்லாம் தங்கள் மூக்கையும் பல்லையும் தடவிப் பார்த்தார்கள். முதலுதவிப் பெண்மணி பெட்டியோடு ஓடிவந்தா. கோட்டைப் பின்தொடர்ந்து வந்தால் அது என் மகளின் காலடியில் முடிந்தது. அவளைப் பிடித்து இருத்தி, சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார்கள்.

"இரத்தம் இல்லை! அது கடவுளுடையது!" என்று நான் ஆங்கிலத்தில் கத்தினேன். அந்த அரங்கில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது. நிற்கப் பொறுக்காமல் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெஞ்சுப் பக்கம் ஓடி, அந்தச் சின்னக் கதவால் பனியில் இறங்கினேன். இரண்டு எட்டு வைத்தேன், மூன்றாவதில் குந்திவிட்டேன். குந்தினபடியே கையெட்டிய சிவப்பைத் தொட்டு என் நெற்றியில் ஒரு பொட்டு வைத்து நடுவருக்குக் காட்டினேன். அந்த மனுசன் தொப்பியைக் கழற்றாத குறை. எதிர்ப்பக்கத்தில் என் கணவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

பனியைச் சுரண்டித் துப்புரவாக்கப் பத்து நிமிடம் பிடித்தது. அந்த நாடாவோடு மட்டையைத் தரையில் வைக்க விடமாட்டோம் என்றார்கள். ஆட்டம் தொடங்கியபோது அவளின் இடத்தில் வேறொருவன் இறங்கினான், மகள் பழையபடி கதவடியில் இருந்தாள். ஒரு கோலில் தோற்றார்கள்.

உடுப்பு மாற்றும் அறை வாசலில் நான் அவளின் பையோடு நின்றேன். அவள் அழுவாள் அல்லது கத்துவாள் என்று நினைத்தேன். ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் பிள்ளை, அன்றைக்கு எனக்கு விளங்க வேண்டும் என்று தமிழில் சொன்னாள்.

"அம்மா, வருஷம் முழுக்க நான் கதவு திறந்தன். இண்டைக்குத்தான் எனக்கு ஒருக்கா திறந்தது. நீங்கள் மூடிப்போட்டீங்கள்."

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கம் வந்தது. நான் அந்த அறை வாசலில் இருந்து நேரே பயிற்சியாளரிடம் போய், அடுத்த பருவம் பிள்ளையைச் சின்ன அணியில் போட முடியுமா என்று கேட்டேன். இன்னும் ஒரு வருடத்துக்கு வயது இடம் கொடுக்கும் என்றார் அவர். பிறகு தன் கோப்பைத் திறந்து நான் போன வருடம் நிரப்பிய தாளை எடுத்தார்.

"ஒன்று கேட்கட்டுமா? இந்தக் கடைசிப் பெட்டியைப் பார்த்தபோதே நினைத்தேன், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு அழகான கையெழுத்து என்று."

நான் நெற்றிப் பொட்டோடு, நனைந்த சீலையோடு, தலை குனிந்துகொண்டு நின்றேன். அவர் ஒரு புதுத் தாளைத் தந்தார்.

காரில் கணவர் ஹீட்டரைப் போட்டார். நான் திரும்பி, பின் சீட்டில் இருந்தவளிடம் தாளையும் பேனாவையும் கொடுத்தேன். "முழுக்க நீயே எழுது" என்றேன். விரல் விறைத்திருந்ததால் நிறைய நேரம் எழுதினாள். எட்டிப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒன்பது வருடம் பிள்ளைகளின் தோளுக்கு மேலால் பார்த்தே பழகிய கண் இது.

பிறகு அவள் தாளை என் மடியில் வைத்து, எழுதிய பகுதியைக் கையுறையால் மூடிக்கொண்டாள்.

"சைன் பண்ணுங்கோ. வாசிக்காமல்."

"வாசிக்காமல் ஆரும் சைன் பண்ணுவினமே? விசரே உனக்கு?"

"அம்மா."

கணவர் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையொப்பம் போட்டேன். வாழ்க்கையில் வாசிக்காமல் நான் போட்ட ஒரே கையொப்பம் அதுதான். அவள் கையுறையை எடுத்தாள். கடைசிப் பெட்டியில், கோணல் மாணலாக, ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: 'சின்ன அணி. எனக்கு விளையாட வேண்டும். கதவை வேறு யாராவது திறக்கட்டும். என் அம்மா திறந்தாலும் சரி.'