பதில் பாட விட்ட இடம்

கேரள எல்லையோரத்தில் ஜிஜாவுக்கு மூன்று பள்ளிகள். திங்களும் செவ்வாயும் உதியன்குளங்கரைக்குப் பக்கத்தில். புதனும் வியாழனும் தனுவச்சபுரம். வெள்ளி அதியன்னூர். ஒப்பந்தத்தில் சேர்ந்த சங்கீத டீச்சர்களுக்கு அப்படித்தான். எந்தப் பள்ளியிலும் அவளுக்கென்று நாற்காலி கிடையாது. யார் லீவோ அவருடைய நாற்காலியில் உட்காருவாள். எல்லோரும் வந்துவிட்ட நாளில் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு புத்தக அலமாரிகள் இருக்கும் அறைக்குப் போய்விடுவாள்.

குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் அவள்தான். போய்ப் படித்தது சங்கீதம். திருவனந்தபுரத்தில் கூடப் படித்தவர்கள் எல்லாம் எழுதப் படிக்கத் தெரியும் முன்பே குருவின் முன்னால் உட்கார்ந்தவர்கள். இவள் சபைக் கொயரில் ஆல்டோ என்னும் தாழ்ந்த பெண்குரல் பாடிப் போனவள். அங்கே, "ஜிஜா எதைப் பாடினாலும் சர்ச் மணக்கும்" என்று சிரித்தார்கள். பட்டம் வாங்கித் திரும்பியதும் கொயரில், "இவ இப்போ கச்சேரி மாதிரில்லா இழுக்குதா" என்றார்கள். இரண்டு பக்கத்தார் சொன்னதும் சரி என்றே அவளுக்குப் பட்டது. அப்படியானால் தன் குரல் எது? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசிப்பாள். முடிவு வருவதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும்.

அப்பா அவள் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா ஜெயபாய், அண்ணன் சஜுவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள பெங்களூருக்குப் போனவர். இரண்டு மாதத்தில் வாறேன் என்று போனது; குழந்தை இப்போது நடக்கிறது. சாயங்காலம் வீட்டைத் திறந்ததும் ஜிஜா முதலில் போனில் சுருதி ஆப்பைப் போடுவாள். அது மீட்டிக்கொண்டே இருக்க, அரிசி கழுவுவாள், துணி மடிப்பாள். பாடுவதற்காக அல்ல. வீட்டில் ஏதாவது ஒன்று ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உதியன்குளங்கரைப் பள்ளியின் தமிழ் வழி வகுப்பை மட்டும் அவள் தனியாக நினைத்துக்கொள்வாள். நாலாம் வகுப்பு. அவள் ஒரு வரி பாடினால் பிள்ளைகள் அதைத் திருப்பிப் பாடும். நாள் முழுவதும் ஒருவரும் அவளிடம் பேசாமல் போனாலும், அந்த ஒரு பீரியடில் அவள் வாயிலிருந்து வருவதற்கெல்லாம் பதில் உண்டு. அந்தப் பதிலை நம்பித்தான் வாரம் ஓடியது.

பள்ளிகளின் கலைவிழாவான கலோத்சவ வேலைக்காகத் திங்களும் செவ்வாயும் அவளைக் கல்வி அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டபோது, தலைமையாசிரியர் வேலாயுதன் சார் ஒரு வழி சொன்னார்.

"டீச்சரே, பாட்டை வீடியோ எடுத்துத் தாங்க. புரொஜெக்டர் தூசி பிடிச்சு சும்மா கிடக்குல்லா. பிள்ளைகளுக்குப் பாட்டும் ஆச்சு, மீட்டிங்கில எனக்குச் சொல்லதுக்கு ஒரு விசேஷமும் ஆச்சு."

பலா மரத்தடியில் நிற்கும் அணிலைப் பற்றி, பிள்ளைகளுக்காக அவளே கட்டிய பாட்டு அது. "பிலா மூட்டில் அணிலொண்ணு வாலைத் தூக்கி நிக்குதே." கடைசி எழுத்தை நான்கு எண்ணிக்கைக்கு நீட்ட வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, மின்விசிறியை நிறுத்தி, எதிரொலி குறையத் துணி அலமாரியைத் திறந்து வைத்து, போனை அரிசி டப்பாவில் சாய்த்து நிறுத்தினாள். ஒரு வரி பாடுவாள். பிள்ளைகள் பதில் பாட இடம் விடுவாள். போன் பதிவு செய்துகொண்டிருந்ததால் அந்த இடத்தில் வாய் திறக்க முடியாது. பிள்ளைகளின் பதிலை மனதுக்குள் பாடிப் பார்த்துக்கொள்வாள். முடிந்ததும் சிரித்து, "கொள்ளாம் மக்களே, நல்லாப் பாடினீங்க!" என்பாள். பிறகு அடுத்த வரி. திறந்த அலமாரியில் தொங்கிய சேலைகளைப் பார்த்துச் சிரிப்பது முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

கலோத்சவம் முடிந்து அவள் வகுப்புக்குத் திரும்பியபோது பிள்ளைகள் கூச்சலிட்டார்கள்.

"டீவி டீச்சர் வந்தாச்சு!"

"எலே, டீவியில பாக்கதுக்கு இவ்வளவு மெலிவு இல்லியே!"

சிரித்துக்கொண்டே முதல் வரியைப் பாடினாள். வகுப்பு திருப்பிப் பாடியது. ராகம் சரி, சுருதி சரி. ஆனால் "வாலைத் தூக்கி நிக்கு" என்று பாடிச் சட்டென்று நின்றுவிட்டது. மறுபடி பாட வைத்தாள். மறுபடியும் "நிக்கு". எல்லோரும் ஒரே இடத்தில், கத்தரித்தது போல.

"என்ன மக்களே, அணிலு நிக்கல்லியே, ஓடிப் போவுதே?" என்றாள். அவர்கள் சிரித்தார்கள். அடுத்த முறையும் அதே. அவளுக்குக் கோபம் வந்தது. "இத்தனை நாளு வீடியோ பார்த்துப் படிச்சது இதையா? முழுசாப் பாடுங்க!"

முன் பெஞ்சு அஸ்வந்த் எழுந்தான். "முழுசாப் பாட முடியாது டீச்சரே. அதுக்குள்ள நீங்க தொடங்கிருவீங்கல்லா?"

புரியாமல், வீடியோவைப் போடச் சொல்லிக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சுவரில் அவள் முகம் விரிந்தது. பாடியது. பிள்ளைகள் பதில் பாடினார்கள். "வாலைத் தூக்கி நிக்கு" வரை வந்ததும் சுவரிலிருந்தவள் பெரிதாகச் சிரித்தாள். "கொள்ளாம் மக்களே, நல்லாப் பாடினீங்க!" ஒவ்வொரு வரியிலும் அப்படியே. பிள்ளைகள் அவளுக்கு வழிவிடப் பழகியிருந்தார்கள், கல்யாண வீட்டில் சாம்பார் வாளி வந்தால் இலையிலிருந்து கையை எடுப்பதைப் போல.

மனதுக்குள் பாடினால் மூச்சு வாங்க வேண்டாம். எச்சில் விழுங்க வேண்டாம். பக்கத்தில் பாடுகிறவனுக்காகக் காத்திருக்க வேண்டாம். தனியாக உட்கார்ந்து மனதுக்குள் பாடியவள் விட்ட இடம் அது. அதில் ஒரு வகுப்பு எப்படிக் கொள்ளும்?

அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் ஓரத்தில் சானு என்ற சிறுமி இருந்தாள். வாயே திறக்கவில்லை.

"மக்கா, நீ பாடமாட்டியா?"

சானு சுவரைக் காட்டினாள். "நான் பாடினாலும் பாடல்லேன்னாலும் டீச்சர் நல்லாப் பாடினேன்னுதானே சொல்லுதீங்க."

அது குற்றச்சாட்டாக வரவில்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொன்னாள். ஜிஜாவால் அன்று அந்தப் பாட்டைத் தொடர முடியவில்லை. ஸரிகம சொல்லிக் கொடுத்து பீரியடை ஓட்டினாள்.

வீட்டுக்கு வந்து மறுபடி பதிவு செய்ய உட்கார்ந்தாள். எவ்வளவு இடம் விடுவது? அளந்து பார்க்க ஒரு வாய் வேண்டும். அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, நான் ஒரு வரி பாடுதேன். திருப்பிப் பாடணும். எவ்வளவு நேரம் ஆவுதுன்னு பாக்கதுக்காக்கும்."

"எனக்கு என்னத்துக்கு மக்கா இப்போ பாட்டு? குட்டி இப்பதான் கண்ணை மூடிச்சு."

"மெதுவாப் பாடினாப் போரும்."

பாடினாள். ஜெயபாய் அங்கிருந்து மெல்லிய குரலில் திருப்பினார். கொயரில் பாடிய குரல், தாழ்ந்தாலும் தடுமாறவில்லை. "வாலைத் தூக்கி" என்னும்போது குழந்தை வீறிட்டது.

"எழும்பிட்டு. நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் போன் நின்றுவிட்டது.

 ஜிஜா வீடியோவைத் திறந்து, "கொள்ளாம் மக்களே" என்று தான் சொன்ன இடங்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தாள். கேட்காத பாட்டைப் பாராட்டியது போதும். இடைவெளி எவ்வளவு என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் அதைப் பிள்ளைகளிடமே கேட்டாள். "நான் எவ்வளவு நேரம் சும்மா நிக்கணும்?"

"நிறைய!" என்றது பாதி வகுப்பு. "நிறைய விட்டா இவன் என்னை நுள்ளுவான் டீச்சரே" என்றான் அஸ்வந்த், கிள்ளுவது போலக் காட்டி. சண்டை வந்தது. கடைசியில் ஒரு பெண், "கணக்கு வீடியோவை சுகிர்தபாய் டீச்சர் நிறுத்தி நிறுத்தித்தான் போடுவாங்க" என்றாள்.

இவ்வளவுதானா? பட்டம் வாங்கிய தனக்கு ஏன் தோன்றவில்லை? தான் விட்ட இடத்துக்குள்தான் பிள்ளைகள் பாட வேண்டும் என்று எப்படி அவ்வளவு உறுதியாக நினைத்தோம்?

நிறுத்திப் பார்த்தார்கள். சுவரில் அவள் வாய் பாதி திறந்து, ஒரு கண் சொருகி நின்றது. வகுப்பு உருண்டு சிரித்தது. அவளும் சிரித்தாள். முறைக்கு ஒருவர் லேப்டாப் பக்கம் உட்காருவது என்றும், கடைசி வாய் மூடிய பிறகே டீச்சரை விடுவது என்றும் அவர்களே முடிவு செய்தார்கள். முதல் முறை யார் என்று கேட்டபோது சானு கையைத் தூக்கினாள். பாட்டு வகுப்பில் அந்தக் கை உயர்ந்து ஜிஜா பார்த்ததில்லை.

அவள் வராத வெள்ளிக்கிழமைகளில் இனியும் வீடியோவைப் போடுவதாக வேலாயுதன் சார் சொல்லியிருந்தார். அந்த வெள்ளி மத்தியானம் அதியன்னூரில், வகுப்புக்குப் போகப் படியேறும்போது போன் அடித்தது. சுகிர்தபாய் டீச்சர்.

"என்ன பிள்ளே இது? உன்னை வாயத் திறந்தபடி நிறுத்தி வச்சிருக்கா அந்தச் சானு. பீரியடு போவுது."

"எல்லாரும் பாடி முடிக்கல்லியோ டீச்சரே?"

"முடிச்சாச்சு. அஸ்வந்த் மூச்சு தீருத வரைக்கும் இழுத்து முடிச்சாச்சு. ஒருத்தனும் வாலை முறிக்கல்ல."

"பின்னே ஏன்?"

"இனி அவ பாடணுமாம். எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லிட்டு, உன் மூஞ்சியவே பார்த்துட்டு நிக்கா... இந்நா, தொடங்கிட்டா. நான் வைக்குதேன்."

போன் நின்றுவிட்டது.

ஜிஜா படியிலேயே நின்றாள். மேலே வகுப்பில் பெஞ்சு இழுக்கும் சத்தம். கீழே சாலையில் பாறசாலை பஸ் ஹாரன் அடித்துப் போனது. இத்தனை தூரத்துக்கு அப்பால் ஒரு பிள்ளை, அசையாத ஒரு படத்தைப் பார்த்துத் தனியாகப் பாடிக்கொண்டிருக்கிறது. அது எப்படியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. குரல் மெலிந்ததா, தடித்ததா, அது கூடத் தெரியாது.

திரும்பக் கூப்பிட விரல் போனது. கூப்பிட்டால் அந்த அறையில் மணி அடிக்கும். பிள்ளை பாதியில் நிறுத்திவிடும்.

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, அந்த வரி முடிந்திருக்கும் என்று தோன்றும்வரை, அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம், அவள் அங்கேயே நின்றாள்.