முக்கால் இஞ்ச் தண்ணீர்

இன்று வீட்டில் போர் போட்டோம். ஆயிரத்து நூறு அடி போனதும் ரிக் லாரிக்காரர், "முக்கா இஞ்சு தண்ணிதானுங்க" என்று ஊற்றின் அளவைச் சொல்லி நிறுத்திவிட்டார்.

அதன் பிறகு போன் ஓயவில்லை. சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்கவில்லை.

"எத்தன இஞ்சுங்க?"

முதல் மூன்று பேரிடம் உண்மையைச் சொன்னேன். துக்கம் விசாரிப்பது போலப் பேசினார்கள். நான்காவது போனை மனைவி பிடுங்கி, "ரெண்டு இஞ்சுங்க" என்றாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். போன வருஷம் தன் போரில் மூன்று இஞ்ச் என்று தெருவுக்கே சொன்னவர்.

"ரெண்டு இஞ்சாமுங்களே! மோட்டார் எறக்குனதும் எங்கூட்டுக்கும் நாலு கொடம் குடுங்க."

மனைவி உள்ளே போய்விட்டாள்.

உங்கள் போரில் எத்தனை இஞ்ச்? ஊருக்குச் சொன்னது வேண்டாம், குழாயில் வருவதைச் சொல்லுங்கள்.