மாடியில் மாப்பிள்ளை, கீழே பாப்பா

கோபித்துக்கொண்டெல்லாம் போகவில்லை. எங்களோடு சண்டையும் இல்லை. எங்கள் மாப்பிள்ளை எழில் மாடி அறையில் தனியாகக் கிடந்ததற்கு அம்மை போட்டதுதான் காரணம். தெருவில் யாரும் என்னிடம் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் மாடியை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு வேலை ஓசூரில், கார் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில். சொந்த ஊர் இங்கே காட்டுப்பாக்கம்தான். அப்பா முகம் தெரியாது. அம்மா முகப்பேரில் நாலு வீட்டு வேலை செய்து வளர்த்தார். இவர் ஐ.டி.ஐ. முடித்த வருஷம் அந்த அம்மாவும் போய்விட்டார். அதற்கப்புறம் ரூம், மெஸ், ஷிஃப்ட் என்று ஓடியது. பண்டிகைக்கு எல்லாரும் ஊருக்குப் போகும்போது, போக இடமில்லாத ஆள் என்று இவரைத்தான் டியூட்டியில் போடுவார்களாம். அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

என் மகள் யுவராணியைக் கட்டிய பிறகும் அதே கதைதான். அவள் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து லீவே எடுக்கவில்லை. தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. மாசியில் பேத்தி பிறந்தபோது ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டு ஓடினார். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பங்குனியில் பதினைந்து நாள் வாங்கினார்.

பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பங்குனி நல்ல மாதம். பின்பக்கத்து வேப்பமரம் பூத்துக் கொட்டும். என் மனைவி முனியம்மா பழைய சேலையை விரித்து, வருஷப் பிறப்புப் பச்சடிக்குப் பூ சேர்ப்பாள். காலை ஏழு மணி வரைக்கும் காற்று சில்லென்று இருக்கும். மரத்தடியில் பாய் போட்டு, பாப்பாவை நடுவில் விட்டு, சுற்றி உட்கார்ந்து டீ குடிக்கலாம், சீக்கிரம் வாருங்கள் என்று போனில் அவருக்கு ஆசை காட்டியவன் நான்தான்.

சனிக்கிழமை வந்தார். கழுத்தில் இரண்டு கொப்புளம், முதுகில் ஒன்று. உடம்பு லேசாகச் சுட்டது. மிஷின் சூடும் பஸ் சூடும் சேர்ந்துகொண்டது என்றாள் முனியம்மா. எங்கள் பக்கம் பங்குனியில் யாருக்குக் கொப்புளம் வந்தாலும் முதலில் சூடு என்றுதான் சொல்வோம். அவள் சந்தனம் தடவினாள். நான் நுங்கு வாங்கி வந்தேன். அவருக்கு மட்டும் சந்தேகம். பாப்பாவைத் தூக்கத் தயங்கினார்.

"ஒண்ணுமில்ல மாப்ளே, சூட்டுக் கொப்புளம்தான்" என்று சொல்லி, பாப்பாவைத் தூக்கி அவர் மார்பில் போட்டேன். போனில் படமும் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் அங்கேதான் தூங்கினாள். அந்தப் படம் இன்னும் போனில் இருக்கிறது. நான் திறந்து பார்ப்பதில்லை.

திங்கட்கிழமை காலை அவருக்கு முகமெல்லாம் முத்து.

முனியம்மா வாசலில் வேப்பிலை செருகினாள். தாளிப்பு நின்றது, கறி மீன் நின்றது. அம்மா வந்த வீட்டிலிருந்து கிளம்பி வேறு வீட்டில் போய்த் தங்கக்கூடாது என்பதால், மகளையும் பாப்பாவையும் எங்கேயும் அனுப்ப முடியவில்லை. யுவராணி பிடிவாதமாக நின்றதால் பூந்தமல்லியில் டாக்டரிடம் மட்டும் காட்டினோம். தாய்க்கு இது முன்னாடி வந்திருக்கிறதா என்று கேட்டார். நாலாவது படிக்கும்போது வந்தது, புருவத்தில் தழும்பு இருக்கிறது. அப்படியானால் குழந்தைக்குக் கொஞ்சம் தடுப்பு இருக்கும் என்றார். ஆனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன், மூன்று வாரம் பாருங்கள், காய்ச்சல் வந்தால் உடனே தூக்கி வாருங்கள், தகப்பனைக் கிட்டே விடாதீர்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னோம். மாப்பிள்ளை தலையணையை எடுத்துக்கொண்டு தானாகவே மாடி ஏறினார்.

அதற்கப்புறம் காலையில் யுவராணி பாப்பாவை மரத்தடிக்குக் கொண்டு வந்தால், அவர் மாடிச் சுவரோரம் வந்து நிற்பார். முதல் நாள் கைக்கு எட்டிய கிளையை ஆட்டினார். பாயெல்லாம் பூ. பாப்பாவின் வயிற்றிலும் நாலு விழுந்தது. உடனே பயந்து, "என் கை பட்ட கெள மாமா, ஒண்ணும் ஆவாதில்ல?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு கிளையைத் தொடவே இல்லை. டம்ளரில் ஸ்பூனால் தட்டுவார். பாப்பா சத்தம் வரும் பக்கம் கண்ணைத் திருப்புவாள்.

"இத்தினி நாளா போன்ல பாத்துகினு இருந்தேன். இப்ப பத்தடி கிட்ட வந்துட்டேன் பாரு மாமா" என்று சிரித்தார்.

சாயங்காலமானால் பாப்பாவை டியூப்லைட்டுக்குக் கீழே போட்டு, மடிப்பு மடிப்பாகப் பார்ப்போம். ஆறாம் நாள் தொடையில் ஒரு சிவப்புப் புள்ளி. பெரிசாகிறதா என்று பார்க்க முனியம்மா அதைச் சுற்றி மையால் வட்டம் போட்டாள். கீழே பேச்சு நின்றதும் மாடியிலிருந்து என்ன ஆச்சு என்று கேட்டார். கொசு என்றேன். விடிந்ததும் பார்த்தோம். வட்டம் இருந்தது, புள்ளி இல்லை.

இரண்டாவது வாரம் பாப்பா ஆள் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் என்னைப் பார்த்துத்தான். சந்தோஷம் தாங்காமல் மாடியைப் பார்த்துக் கத்திவிட்டேன். அவர் எட்டிப் பார்த்தார். அதற்குள் அவள் கொட்டாவி விட்டுவிட்டாள். அதற்கப்புறம் அவள் சிரித்தால் கீழே யாரும் சத்தம் போடுவதில்லை.

கம்பெனியில் நாலு நாள் சேர்த்துக் கேட்டுப் பார்த்தார். ஆள் இல்லை, வந்துவிடு என்றார்கள். நேற்றோடு மூன்று தண்ணீரும் ஊற்றி முடிந்தது. எல்லாம் காய்ந்துவிட்டால் குழந்தையைத் தொடலாம் என்று டாக்டரும் போனில் சொல்லிவிட்டார். பாப்பாவுக்கு மட்டும் இன்னும் ஒரு வாரம் பார்க்க வேண்டும்.

இன்று காலை அவர் பையோடு இறங்கி மரத்தடிக்கு வந்தார். நான் பாப்பாவை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினேன். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்கில் ஒரே ஒரு பொருக்கு, விழாமல் ஒட்டியிருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"காஞ்சிடுச்சி மாப்ளே. ஒண்ணும் ஆவாது" என்றேன்.

"அன்னிக்கும் ஒண்ணுமில்லன்னுதான மாமா சொன்னோம்."

சொன்னோம் என்றார். சொன்னீங்க என்று சொல்லவில்லை. நான் நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றேன். அவர் இரண்டடி பின்னால் போய், பையைத் தோளில் மாட்டினார். பார்வை மட்டும் பாப்பாவை விட்டு நகரவில்லை.

"அவள அந்தாண்ட திருப்பிக்க மாமா" என்றார். "என்னப் பாத்து சிரிக்கிறா."