கலரின் கடைசி மடக்கு

சித்தப்பா குடிக்கவில்லை என்று தெரிந்தேதான் அன்று வீட்டில் அப்படிச் சொன்னேன். "அந்த ஆளோட உக்காந்து ஒரே பாட்டில்ல குடிச்சாவ." ஒரு சொல்லும் பொய்யில்லை. பாட்டிலில் இருந்தது ஆரஞ்சுக் கலர் சோடா என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

சித்தப்பா கப்பல் ஏஜென்சி ஒன்றில் கிளார்க்காக இருந்தவர். குடியால் வேலை போய், குடியை நிறுத்த மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியிருந்தார். அங்கே பக்கத்துக் கட்டிலில் கிடந்தவரும் எங்கள் ஊர்க்காரர்தான். உப்பளத்தில் மூட்டை தூக்குகிறவர், ஊரறிந்த குடிகாரர். மாதா கோயிலில் சாயங்கால மணி அடித்ததும் இருவரும் கடற்கரையில் கவிழ்த்துப்போட்ட வள்ளத்தின்மேல் உட்கார்ந்து, ஒரு கலரை மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். சாராயக் கடைக்குக் கால்கள் தாமாகவே நடக்கிற நேரம் அது என்பது அந்தச் சின்ன வயதில் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், சித்தப்பா வாங்கும் கலரில் கடைசி மடக்கு என்னுடையது. அன்று சித்தப்பா அதை அந்த மனிதருக்குக் கொடுத்துவிட்டு, "ஏலே, நீ வீட்டுக்குப் போ. நாங்க கொஞ்சம் பேசணும்" என்றார். என் கோபம் அவ்வளவுதான்.

"கலர்தாம்ண்ணே" என்று சித்தப்பா சொல்லிப்பார்த்தார். குடித்த காலத்தில் அவர் சொன்ன பொய்களெல்லாம் அந்த ஒரு உண்மைக்கு எதிராக வந்து நின்றன. என்னை ஒருமுறை பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

மறுநாளிலிருந்து மணி அடித்ததும் வாசலைப் பூட்டி, சித்தப்பாவை நடுவில் முழங்காலில் நிறுத்திச் செபமாலை சொன்னோம். இனி மாதா பார்த்துக்கொள்வாள் என்று அம்மாவுக்கு நிம்மதி. அப்படி ஒரு செபத்தின் நடுவில் அந்த மனிதர் வந்து கதவைத் தட்டினார். அப்பா எழுந்துபோனார்.

"அண்ணாச்சி, அவர ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருதேன். குடிக்கல. வேணும்னா மோந்து பாருங்க."

"இன்னைக்குக் குடிக்கல. நாளைக்குக் குடிப்பீரு."

"குடிச்சாலும் குடிப்பேன். அதுக்குத்தான் அண்ணாச்சி இன்னைக்கு அவரப் பாக்கணும்."

அப்பா சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். நானும் சிரித்தேன். சித்தப்பாவின் குரல் மட்டும் செபத்தின் நடுவில் நின்றுபோனது.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் சித்தப்பா பின்சுவர் ஏறிக் குதித்துச் சாராயக் கடைக்குப் போனார். அப்புறம் எந்த ஆஸ்பத்திரிக்கும் அவர் சம்மதிக்கவில்லை. சில வருஷங்களில் ஈரல் கெட்டு, எங்கள் வீட்டுப் பின்னறையில், பக்கத்தில் யாருமில்லாத நேரத்தில் செத்தார். கடைசிவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்று, மனைவியும் போய்ச்சேர்ந்த பிறகுதான் அந்த மனிதரைத் தேடிப்போகும் துணிச்சல் எனக்கு வந்தது. அவர் தம் மகள் வீட்டில் இருந்தார், கண் மங்கியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னைக்கு ஒங்க வாசல்ல இருந்து நேரா கடைக்குத்தான் போனேன் சார்" என்றார். "பொறவு கூட உக்காந்து பேச எனக்கு வேற ஒருத்தர் கெடைச்சாரு. ஒங்க சித்தப்பாவுக்குக் கெடைக்கல."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவரைப்போலக் குடியை விட்டவர்கள் கூடிப் பேச இடமில்லாமல் அலைவதாக மகள் சொன்னாள். மில்லர்புரத்தில் என் வீட்டு முன்னறையைக் கொடுத்தேன். வாரம் ஒரு சாயங்காலம் வருகிறார்கள். முதல் நாள் நானும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டேன்.

"சார், நீங்க குடிச்சவரு இல்லியே. நீங்க இருந்தா எங்களுக்குப் பேச வராது" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

நியாயம்தான். கலர் பாட்டில்களை உள்ளே வைத்துவிட்டு நான் வெளியே வந்து உட்கார்ந்துகொள்கிறேன். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ அழுகிறார், யாரோ கிண்டல் செய்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். போகும்போது அந்த மனிதர் என் தோளைப் பிடித்துப் படியிறங்குவார்.

அன்று வள்ளத்தின்மேல், அந்தக் கடைசி மடக்கு யாருக்குப் போகிறது என்றுதான் கவனித்தேன். பாட்டில் கைமாறியபோது இருவர் கையும் நடுங்கியதையும் பார்த்தேன். கடல்காற்றின் குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.