துவாண்டே கால்வாயில் பேத்தியோடு நான்கு நாள்

என் மகன் ரங்கூனுக்கு வந்தபோது தன் மகளையும் கூட்டி வந்துவிட்டான். அவளுக்கு எட்டு வயது. கப்பல் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தாளாம். வந்த மூன்றாம் நாள், வியாபார விஷயமாக மாந்தலேக்கு ரயிலேறும்போது, "பத்து நாள்ல வந்துருவேன். இவ உங்ககிட்ட இருக்கட்டும்" என்று அவளை என் கையில் பிடித்துக் கொடுத்தான். அதுவரைக்கும் அவன் என் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. தெரிந்தவர் கடை மாடியில் தங்கிக்கொண்டான். ஏன் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காரணம் என் வீட்டிலிருந்த பர்மாக்காரி. அலோன் துறையில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு நான் மேஸ்திரி. அவள் துறை வாசலில் இடியாப்பம் மாதிரி ஒன்றில் மீன்சாறு ஊற்றி, மொஹிங்கா என்று விற்றுக்கொண்டிருந்தவள். பதினான்கு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தோம். ஊரில் என் பெண்சாதியும் இருந்தாள். அவளுக்கும் மாதம் தவறாமல் கடிதம் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

பேத்தியை வீட்டில் வைத்திருந்தால் தெருப் பெண்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பயந்துதான் படகு அமர்த்தினேன். மூங்கில் பாயில் கூரை போட்ட, நீளமான, ஒடுக்கமான படகு. ஆற்றைக் கடந்து டாலாப் பக்கமாகப் போய், துவாண்டே கால்வாயில் நுழைந்து, நான்கு நாள் சுற்றிவிட்டு வருவதாகத் திட்டம். பேத்தியை மட்டும் கூட்டிப்போக நினைத்திருந்தேன். பர்மாக்காரி கேட்கவில்லை.

"நானும் வர்றேன் மேஸ்திரி. தண்ணியில புள்ளைய வச்சுக்கிட்டு நீங்க தனியா என்ன செய்வீங்க?"

துறையில் கற்ற தமிழ். ஆரம்பத்தில் எப்படிக் கூப்பிட்டாளோ, அப்படியே கடைசிவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டாள்.

ஆற்றைக் கடக்கும்போதே பேத்தி கேட்டுவிட்டாள். "ஐயா, இவுக யாரு?"

"சமைக்க வந்தவுக" என்றேன்.

நாலடி தள்ளி முதுகு காட்டி உட்கார்ந்து அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி அரிந்தாள். அன்றைக்குச் சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் அடுப்பு எரியவில்லை. பர்மாக்காரி கரையைப் பார்த்து உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. படகோட்டி தனக்கு வடித்த சோற்றில் எங்களுக்கும் கொடுத்தான்.

"சமைக்கிறவுக ஏன் சமைக்கல?"

"அவுகளுக்கு உடம்பு சரியில்ல ஆத்தா."

"சுருட்டுக் குடிக்கிறாகளே?"

பேச்சை மாற்ற, கால்வாயைக் காட்டி இந்தத் தண்ணீர் ஐராவதி ஆற்றுக்குப் போகிறது என்றேன். சாயங்காலம் பார்த்தால் அதே தண்ணீர் எங்களுக்கு எதிரே, ரங்கூன் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கடல் ஏறி இறங்குவதற்குத் தக்கபடி அந்தக் கால்வாய் இரண்டு பக்கமும் ஓடும். முப்பது வருஷம் துறையில் நின்றவனுக்கு அது எப்படித் தெரியாமல் போயிற்றோ. பேத்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நான் சொன்ன மற்றதையும் சந்தேகப்பட ஆரம்பித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை நான் கண் விழித்தபோது கனத்த பனி. படகில் இருவரையும் காணோம். கரைக்குப் பலகை போட்டிருந்தது. படகோட்டி, கிராமத்துப் பக்கம் போயிருக்கிறார்கள் என்றான். முந்தின சாயங்காலம் கட்டும்போது கிராமம் படகின் மூக்குக்கு நேரே இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம். அந்தத் திசையிலேயே நடந்தேன். வயல்தான் வந்தது. பிறகு சேறு. நீரோட்டம் மாறியதில் கட்டியிருந்த படகின் மூக்கு மறுபக்கம் திரும்பியிருந்தது என்பது எனக்கு உறைக்கவே வெகுநேரமாயிற்று. அதற்குள் படகு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் தெரியாமல் போய்விட்டது.

சத்தம் போட்டுக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். பேத்தியை "ஆத்தா, ஆத்தா" என்று கூப்பிட்டேன். பர்மாக்காரியின் பெயர் மட்டும் வாயில் வரவில்லை.

மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர், யாரைத் தேடுகிறீர்கள் என்று பர்மிய மொழியில் கேட்டார். பேத்தியை என்றேன். கொஞ்சம் தயங்கி, "மெயின்மாவையும்" என்றேன். அந்தச் சொல்லுக்குப் பெண் என்றும் அர்த்தம், பெண்சாதி என்றும் அர்த்தம். எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்று எனக்கே நிச்சயமில்லை. அவர் ஒன்றும் கேட்காமல், நான் வந்த வழியே திருப்பி அழைத்துப் போனார்.

கிராமத்தில் இருவரும் பானை சுடுகிற ஒரு முற்றத்தில் உட்கார்ந்து, இலையில் ஏதோ தின்றுகொண்டிருந்தார்கள். பேத்தியின் இரண்டு கன்னத்திலும் பர்மாப் பெண்கள் பூசுகிற தனக்காப் பட்டை அரைத்துப் பூசியிருந்தது.

"ஐயா, நீங்க காணாமப் போயிட்டீகளா?" என்று கேட்டாள். அடுத்த மூச்சிலேயே, "இவுக சமைக்க வந்தவுக இல்லியா?" என்றாள்.

நான் பர்மாக்காரியின் முகத்தைப் பார்த்தேன்.

"நான் ஒண்ணும் சொல்லல மேஸ்திரி. யாருன்னு கேட்டா. உங்க ஐயாவையே கேளுன்னேன்."

பேத்தி தின்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

"என் வீட்டுல இருக்கவுக" என்றேன்.

"அதான் தெரியுமே. உங்க சட்டையெல்லாம் அவுக பெட்டியிலதான இருக்கு."

சேறு காலில் காய்ந்து இழுத்தது. "என் பெண்சாதி" என்றேன்.

"அப்ப அப்பத்தா?"

"அவளுந்தான்."

பேத்தி இலையை மடித்துக் கீழே வைத்தாள். "நான் இவுகள என்னன்னு கூப்பிட?"

"வாய்க்கு வந்தத கூப்பிடு" என்றாள் பர்மாக்காரி. அதன்பிறகு பேத்தி ஒரு நேரம் பர்மாப் பிள்ளைகள் மாதிரி அம்மே என்றும், ஒரு நேரம் இந்தாங்க என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் படகில் புகை எழும்பியது. இறாலும் புளிச்ச கீரையும் வெந்தன. எனக்குச் சோறு போடும்போது மட்டும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோபமா, வெட்கமா, கேட்கத் தைரியம் வரவில்லை.

"ஊருக்குப் போனா அப்பத்தாகிட்ட என்ன சொல்லட்டும் ஐயா?" என்று திரும்பும் வழியில் பேத்தி கேட்டாள். "பார்த்ததச் சொல்லு" என்றேன். சொல்லாதே என்று சொல்லத்தான் வாய் வந்தது. அந்தப் பிள்ளையை இன்னொரு பொய்க்குள் இழுக்க மனசு வரவில்லை.

மகன் மாந்தலேயிலிருந்து திரும்பி, பேத்தியோடு கப்பல் ஏறும் நாளில் பர்மாக்காரியும் துறைக்கு வந்தாள்; கூட்டத்துக்கு அப்பால் தள்ளி நின்றாள். பேத்தி ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். என் மகன் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். மகளைத் திரும்பி வா என்று கூப்பிடவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அம்மா சொல்ல மகன் எழுதுவதுதான் வழக்கம். மழை பெய்தது, பசு கன்று போட்டது, ஐயா பனியில் வழி தெரியாமல் சுற்றியதைப் பேத்தி தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். வேறு ஒரு வார்த்தை இல்லை. ஆனால் எப்போதும் "உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்" என்று முடிகிற கடிதம், "நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்" என்று முடிந்திருந்தது.

அதைச் சொன்னது என் பெண்சாதியா, மகன் தானாகச் சேர்த்தானா, பேத்தி பக்கத்தில் நின்று எழுதச் சொன்னாளா? திரும்பத் திரும்பப் பார்த்தேன். விளங்கவில்லை. எழுதிக் கேட்கவும் துணிவில்லை.

பர்மாக்காரிக்கு வாசித்துக் காட்டினேன்.

"வீட்டில் உள்ளவர்கள்னா யாரு?"

"நீதான்."

"நிறையப் பேர் மாதிரி எழுதியிருக்கே?"

"மரியாதைக்கு அப்படி எழுதுவாங்க."

"எங்கே, இன்னொரு தடவை வாசிங்க" என்றாள்.