மணல்மேடு நிலமா, நீரா?

மட்டக்களப்பு நகரத்தைக் கணினிக்குள் அப்படியே கட்டிவைப்பது மாநகர சபைக் கந்தோரில் என் வேலை. வீதி, வடிகால், கூரை, வாவி எல்லாம் அதற்குள் உண்டு. மழை பெய்தால் எங்கே தண்ணீர் நிற்கும் என்று சொல்லும். டிஜிட்டல் இரட்டை என்பார்கள். நீர்ப்பாசனக் கந்தோரில் என் கணவர் இன்னொன்று வைத்திருக்கிறார். அதில் உன்னிச்சைக் குளம், வாய்க்கால்கள், அதே வாவி. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. வீட்டில் நாங்கள் இருவரும் அதைப் பற்றித்தான் சண்டை பிடிப்போம்.

போன மாரியில், கொக்கட்டிச்சோலையில் அப்பாவின் வயல் வட்டைக்குள் வாவி ஏறிவிட்டது. இளம்பயிர் மூழ்கிக் கிடந்தது. இன்னும் சில நாள் நின்றால் அழுகிவிடும். வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை அடைத்திருந்த மணல்மேட்டை வெட்டினால் தண்ணீர் கடலுக்கு வடியும். இறாலும் சேர்ந்து போய்விடும் என்று மீனவர்கள் மறித்தார்கள். வெள்ளம் தானாக வடியுமா என்பதைப் பார்த்து மறுநாள் மாவட்டச் செயலகமான கச்சேரியில் முடிவெடுப்பதாக இருந்தது.

அப்பா எனக்குப் போன் எடுத்தார். "வடியும் அப்பா" என்றேன். பிறகு மருமகனுக்கு எடுத்தார். "இன்னும் ஏறும் மாமா" என்றார் இவர்.

"என்ன மகள், ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு வெள்ளமா?"

எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றே இரண்டையும் இணைக்க உட்கார்ந்தோம். முகத்துவாரத்தில் முட்டிக்கொண்டது. என்னிடம் இருந்தது மேடு வெட்டியிருந்த காலத்துப் படம், அதனால் அங்கே நீர். இவரிடம் அதே இடம் நிலம். இணைப்பதற்கு நாங்கள் எடுத்துக்கொண்ட, நகர மாதிரிகளுக்கான பொதுத் தரநிலையில் பாலத்துக்கும் மரத்துக்கும் இடமிருந்தது. ஆண்டுக்கு ஆண்டு வெட்டி, திரும்ப மூடிக்கொள்ளும் எங்கள் மேட்டுக்கு இல்லை. நல்லவேளை, புதிதாக ஒன்றைச் சேர்க்க அது வழி விட்டிருந்தது. 'இன்று மூடியதா, திறந்ததா' என்று ஒரே ஒரு பதிவு வைத்தோம். இரண்டு கணினியும் அதைத்தான் வாசிக்க வேண்டும்.

'மூடியது' என்று போட்டதும் என் வாவியும் ஏறத் தொடங்கியது. இவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தேத்தண்ணி போடப் போனார்.

மறுநாள் கச்சேரியில் வெட்டாவிட்டால் இன்னும் ஏறும் என்று இரண்டு கந்தோரும் ஒரே கணக்கைக் காட்டின. மீனவர் சங்கத் தலைவர் இரண்டு திரையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இவங்க ரெண்டு பேரும் ஒண்டச் சொல்றதெண்டா உண்மையாத்தான் இரிக்கும். வெட்டுங்க."

வெட்டினார்கள். பதிவை 'திறந்தது' என்று மாற்றினேன். இரண்டு கந்தோரிலும் வாவி இறங்கியது. ஆனால், திரையில் இறங்கினால் போதுமா?

அப்பா ஒரு படமும் குரல்பதிவும் அனுப்பினார். "பயிர் தலை காட்டிட்டு மகள்."

கந்தோர் என்றும் பாராமல் அழுதுவிட்டேன். எந்தக் கட்டடம் விழுந்தது என்று கேட்டபடி பக்கத்து அறைப் பொறியியலாளர் ஓடிவந்தார். போனை அவரிடம் நீட்டினேன். தண்ணீருக்கு மேலே பச்சை நுனிகள்.