அத்தைக்கு ஒண்ணுக்கு வந்த நாள்

எங்கள் ஊரில் டிராக்டர் ஓட்டிய ஒரே பெண் என் அத்தைதான். திருப்போரூர்ப் பக்கத்து வயல்களில் அவர் சேற்றுழவு ஓட்டினால் வேடிக்கை பார்க்க ஆள் நிற்கும். தங்கைதான் என்றாலும் அப்பாவே அவரிடம் கொஞ்சம் அடங்கித்தான் பேசுவார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு.

ஒரு நாள் மதியம் அத்தை பாதி உழவில் திரும்பிவந்து, அம்மாவை அடுக்களைக்குள் அழைத்தார். "நேத்திலேர்ந்து ஒண்ணுக்கே போவல அண்ணி. வயிறு கல்லு மாதிரி கீது, ஆனா வரணும்னே தோணல" என்றார்.

வெயில் சூடு என்று அம்மா முடிவுகட்டினார். இளநீர், பார்லித் தண்ணீர் என்று ஊற்ற ஊற்ற அத்தையின் வயிறு வீங்கியதே தவிர ஒரு சொட்டும் இறங்கவில்லை. சாயங்காலம் எழுந்தவர் கால் மடங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டார். "கிளச்ச மிதிச்சா கால் எங்க கீதுன்னே தெரியல" என்று அப்போதுதான் சொன்னார்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழாய் போட்டதும் பை நிறைந்தது; காலிசெய்தார்கள், மறுபடியும் நிறைந்தது. இத்தனையையும் சுமந்துகொண்டா ஒரு மனுஷி உழுதார் என்று வாயைப் பிளந்தேன். டாக்டர் ஒரு குச்சியால் அவர் உள்ளங்காலைக் கீறினார். கண்ணை மூடியிருந்த அத்தை, "எப்போ தொடுவீங்க?" என்று கேட்டார்.

டாக்டர் அப்பாவிடம் திரும்பினார். "முதுகுத்தண்டுக்குள்ள நரம்பு வீங்கியிருக்கு. மூளை சொல்றது கீழ போகல, கீழ நடக்கறது மூளைக்குத் தெரியல."

ஊசிகள் ஏறின. கால்களுக்கு மெல்ல உயிர் வந்தது. ஒரு காலை குழாயை எடுத்துவிட்டு, தானாகப் போகிறதா பார்க்கலாம் என்றார்கள். அம்மா அவரைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குள் கூட்டிப்போனார். கதவுக்கு வெளியே, சன்னதியில் திரை விலகக் காத்திருப்பவர்போல அப்பா கைகட்டி நின்றார். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு சன்னமாக ஒரு சத்தம். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒண்ணுக்குப் போனதற்காக ஒரு மனிதர் அழுவதை அன்றுதான் பார்த்தேன்.

வெளியே வந்த அத்தை சிரிக்கவில்லை. "சத்தத்த கேட்டுத்தான் அண்ணி எனக்கே தெரிஞ்சிது" என்றார். அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த பட்டத்துக்கு அத்தை மறுபடி டிராக்டர் ஏறினார். உணர்வு மட்டும் முழுசாகத் திரும்பாததால், கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஒண்ணுக்குப் போவார். அதன் கனம் எனக்குப் புரிய வருடங்கள் ஆயின. குழாயை எடுத்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் நான் கழிப்பறைக்குள் போய்க் கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை மட்டும் கேட்க முயன்று பார்த்தேன். முடியவில்லை. என் அத்தைக்கு மட்டுமே வாய்த்த வரம் அது என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொன்னேன்.